கடைசி வண்டி வரட்டும்

கார் ரேலி ரத்து என்று காலை பத்தேகாலுக்கே முடிவாகிவிட்டது. ஆனால் நடக்கிற ரேலியைவிட நடக்காத ரேலிக்கு இரண்டு பங்கு வேலை என்பது லிஸ்ட்டக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில், மேடைக்குக் கீழே போட்ட நீள மேசைக்குப் பின்னால், விடியற்காலையிலிருந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதுகு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்று சந்தேகமாக இருந்தது. மேடையில் பதினெட்டுக் கோப்பைகள் யாருக்கும் கிடைக்காமல் துணி போர்த்திக்கொண்டு நின்றன. ஜன்னலை எல்லாம் சாத்தியும் புகை வாசம் உள்ளே புகுந்து, குடிக்கிற தண்ணீரில்கூட ஏறியிருந்தது. வெளியே மைதானத்தில் ஓட்டுநர்கள் வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் நின்றுபோன வீட்டில் பந்தல் பிரிப்பது போல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

லிஸ்ட்டக்கா தையல்கடைக்காரி. காதில் பென்சில், கழுத்தில் அளவு நாடா, அதுதான் அவள் அடையாளம். வருஷத்துக்கு மூன்று நாள் மட்டும் நாடாவைக் கழற்றி வைத்துவிட்டு ரேலி ஆபீஸுக்கு வந்துவிடுவாள். மலை ரோட்டில் யார் யார் எந்தெந்த போஸ்ட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு அவள் கையில். பதினாலு வருஷமாக அதே வேலை. அதனால் சொந்தப் பெயர் போய் லிஸ்ட்டக்கா என்பதே நின்றுவிட்டது. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் லிஸ்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது. இப்போது அதற்கும் தெம்பில்லை.

போஸ்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ரோட்டோரம் ஒரு குடை, ஒரு மடக்கு மேசை, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, ஒரு ஆள். வண்டி கடக்கும்போது நம்பரையும் மணியையும் எழுத வேண்டும், அவ்வளவுதான். எல்லா வண்டியும் போன பிறகு, பின்னாலேயே கடைசி வண்டி என்று பலகை மாட்டிய ஒரு ஜீப் வரும். அது ஒவ்வொரு போஸ்ட்டிலும் நிற்கும். ஓட்டுகிறவர் இறங்கி, "எனக்குப் பின்னாடி யாரும் இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போடுவார். அப்புறம்தான் போஸ்ட்டைக் கலைக்கலாம். மழையோ வெயிலோ, பதினோரு வருஷமாக இதில் மட்டும் மாற்றம் கிடையாது.

அன்றைக்குத்தான் மாற்றினார்கள்.

மலைக்கு அந்தப்புறம் காட்டில் தீ. முதல் வண்டி கிளம்புவதற்குள் தீயணைப்புக்காரர்கள் வந்து நிறுத்திவிட்டார்கள். ரேலித் தலைவர் டயர் கடை வைத்திருப்பவர். மேசைக்கு வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு வண்டியும் கிளம்பல. அப்புறம் கடைசி வண்டி எதுக்கு? எதுக்கு அது கடைசி?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். லிஸ்ட்டக்காவும் சிரித்துவிட்டாள். ஒரு வரி குறைந்ததே என்று பென்சிலால் அந்த வரியை அடித்தும் விட்டாள். ஜீப்பை, தீக்குப் பயந்து காலி செய்கிற அடிவாரத்து முதியோர் இல்லத்துக்கு மெத்தை தூக்க அனுப்பிவிட்டார்கள்.

பிறகு வயர்லெஸ்ஸில் பதினாறு போஸ்ட்டையும் கூப்பிட்டாள். "ரேலி ரத்து. இறங்கி வாங்க." பதினாறு பேரும் "புரிஞ்சுது" என்றார்கள். ஆள் நேரில் வந்து மேசைக்கு முன்னால் நின்றால்தான் டிக் போட வேண்டும். அவளே புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிற விஷயம் அது. ஆனால் மலை ரோட்டுத் தடுப்பில் நிற்கும் வனத்துறை அதிகாரி, மேலே யாரும் இல்லை என்று எழுதிக் கொடு, ரோட்டை மூட வேண்டும் என்று ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. குரல் கேட்டதும் டிக், குரல் கேட்டதும் டிக். பதினாறு டிக். கீழே கையெழுத்து. லிஸ்ட் போய்விட்டது.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அக்கா போன் பண்ணினாள்.

"ஏண்டி, உங்க அத்தான் எங்க?"

"இங்கதான் எங்கயாவது இருப்பார்க்கா. டீ குடிக்கப் போயிருப்பாரு."

"இருப்பாரு, போயிருப்பாருன்னா? நீ கண்ணால பாத்தியா?"

லிஸ்ட்டக்கா ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். மார்பு வரைக்கும் இழுத்துப் போட்ட பேண்ட், எண்ணெய் வைத்து வழித்த தலை, எங்கே நின்றாலும் கண்ணில் படுகிற ஆள். இல்லை. வாசலில் அவருடைய ஸ்கூட்டரும் இல்லை.

"என்னடி பேச்சையே காணோம்?"

"பாத்துட்டுச் சொல்றேங்க்கா. வைக்கிறேன்."

அத்தானுக்குப் பதினோராவது போஸ்ட். உச்சிக்குப் பக்கத்தில், கொண்டை ஊசி வளைவு முடிகிற இடம். வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"பதினொண்ணு. பதினொண்ணு. அத்தான், கேக்குதா?"

கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம், வீட்டுத் தின்பண்டம் தீர்ந்துபோனதைச் சொல்கிற மாதிரி நிதானமான குரல். "கேக்குது. கடைசி வண்டி இன்னும் வரலையேம்மா?"

"அத்தான்! ரேலி ரத்துன்னு காலைலயே சொன்னேன்ல?"

"சொன்ன. நானும் புரிஞ்சுதுன்னேன். ரேலி ரத்து. சரி. கடைசி வண்டி எங்க?"

"வண்டியே கிளம்பல அத்தான், அதுக்கு எதுக்குக் கடைசி வண்டி?" தலைவர் சொன்னதையே சொல்கிறோம் என்று வாயை விட்ட பிறகுதான் உறைத்தது.

அந்தப் பக்கம் அவர் இருமினார். நீளமான இருமல். "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க சின்னவளே. வண்டியை அனுப்பு. வந்தா நான் இறங்கிடறேன்."

போன தடவை என்று அவர் சொன்னது போன வருஷத்தை அல்ல. பதினோரு வருஷத்துக்கு முந்தியதை. அதற்கு அப்புறம் நடந்த ரேலிகளை எல்லாம் அவர் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வதில்லை. அன்றைக்குப் பெரிய மழை. ரேலி ரத்து, எல்லாரும் இறங்குங்கள் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். அவரும் குடையை மடக்கிக்கொண்டு இறங்கினார். ஆனால் ரத்துச் செய்தி போவதற்கு ரெண்டு நிமிஷம் முன்னாலேயே ஒரு வண்டி கிளம்பியிருந்தது. அது அவர் போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் சரிந்து பள்ளத்தில் கிடந்தது. போஸ்ட்டில் ஆள் இருந்திருந்தால், வர வேண்டிய வண்டி வரவில்லையே என்று தெரிந்திருக்கும். ஆள் இல்லை. மூன்று மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அத்தான் ஒற்றைக் காலில் நின்றார். யார் சொன்னாலும் சரி, கடைசி வண்டி வந்து சொல்லாமல் போஸ்ட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று. தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்து ரிட்டயரானவர். மீட்டரில் இருப்பதுதான் கணக்கு, வீட்டுக்காரன் சொல்வது கணக்கில்லை என்று முப்பது வருஷம் வாழ்ந்த மனுஷன். அவரிடம் போய் வாயால் சொல்லி என்ன பிரயோஜனம்?

லிஸ்ட்டக்காவுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் டிக் போட்டிருந்தாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. பின்னால் மெத்தைகள் மலையாக அடுக்கிக் கிடந்தன. ஜாக்கி இறங்கினார். கார் மெக்கானிக். இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். சட்டையெல்லாம் சாம்பல்.

"லிஸ்ட்டக்கா, ஒரு டீ சொல்லுங்க. நாப்பது மெத்தை தூக்கியிருக்கேன். இனிமே படுத்தாக்கூட மெத்தையைப் பாத்தா எனக்குக் கை வலிக்கும்."

"ஜாக்கி, வண்டிய எடு. பதினொண்ணுல அத்தான் இருக்காரு."

ஜாக்கியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "டிக் போட்டீங்களே?"

"போட்டேன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. டீயைப் பற்றியும் பேச்செடுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினார்.

மணி மூன்று இருபத்தைந்துக்கு வானம் செம்மண் குழைத்த மாதிரி இருந்தது. எதிரே வந்த வண்டிகள் எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. தடுப்பில் வனத்துறை அதிகாரி, ஒல்லியான பெண், முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கையை நீட்டி நிறுத்தினாள்.

"மேல விட மாட்டோம். திரும்புங்க."

"மேல ஒருத்தர் இருக்காரும்மா," என்றாள் லிஸ்ட்டக்கா.

"யாரும் இல்ல. லிஸ்ட் இருக்கு." அட்டையில் செருகிய காகிதத்தை நீட்டினாள். "பதினாறு பேர், பதினாறு டிக். இது யார் கையெழுத்து?"

"என் கையெழுத்துதான்."

"அப்புறம்?"

"தப்பு. ஆளைப் பாக்காம போட்டுட்டேன்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் லிஸ்ட்டக்கா நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும். அவளுக்கும் திட்டுகிற அளவுக்குச் சக்தி இல்லை போல. "எங்க ஆளுங்க எல்லாம் அந்தப்புறம் இருக்காங்க. நாலு மணிக்கு மேல காத்து இந்தப்பக்கம் திரும்பும்னு சொல்றாங்க. திரும்பிடுச்சுன்னா இந்த ரோடு இல்ல. நாலுக்குள்ள நீங்க இங்க நிக்கணும். நிக்கலன்னா நான் தேட வர மாட்டேன், சொல்லிட்டேன்."

"வந்துடுவோம்."

"லிஸ்ட்ல உங்க ரெண்டு பேரையும் எழுதுங்க."

எழுதினாள். பதினேழு, பதினெட்டு. டிக் இல்லாமல்.

ஏறுகிற வழியெல்லாம் ஜாக்கி பேசிக்கொண்டே வந்தார். பேசாமல் இருந்தால் அவருக்கு ஸ்டியரிங் பிடிக்க வராது. "உங்க அத்தான் இருக்காரே, அந்த மனுஷன் செத்தாலும் எமன்கிட்ட அடையாள அட்டை கேப்பாரு. பின்னாடி வேற யாராவது வர்றாங்களான்னு கேட்டுட்டுத்தான் கூடப் போவாரு."

"வாயைக் கழுவு ஜாக்கி. இந்த நேரத்துல சாவு பேச்சு."

"சும்மா சொன்னேங்க்கா." வளைவில் கியரை மாற்றினார். இடது கால் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வது அவர் வழக்கம். "இந்த எடம்தான்."

லிஸ்ட்டக்கா எட்டிப் பார்க்கவில்லை. பள்ளத்தில் புகைதான் தெரிந்திருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே மூன்று மணி நேரம் கிடந்தது ஜாக்கிதான். கால் ஒரு மாதிரியாகத்தான் கூடியது. ரேலி ஓட்டுவதை விட்டார். ஆனால் அடுத்த வருஷமே வந்து, கடைசி வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அத்தானும் அவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக யாரும் கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பதினோராவது போஸ்ட்டில் நின்று, அந்த ஒரு வரியைச் சொல்லி, கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

"அன்னிக்கு நீ என்ன நெனச்ச, கீழ கெடக்கும்போது?" திடீரென்று கேட்டுவிட்டாள். இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

ஜாக்கி ரோட்டில் கிடந்த ஒரு கிளையைச் சுற்றி வண்டியை ஒடித்தார். "மேல ஆள் இருக்கு, எண்ணிட்டிருப்பாங்க, வந்துடுவாங்கன்னு நெனச்சேன்," என்றார். "அப்புறம், மதியம் சாப்பிடாம வந்துட்டமேன்னு நெனச்சேன்."

குடை தெரிந்தது. நீலக் குடை சாம்பல் நிறமாகியிருந்தது. அதற்குக் கீழே மடக்கு மேசை, கடிகாரம், நோட்டு. அத்தான் நனைத்த துண்டை மூக்கு வரைக்கும் கட்டிக்கொண்டு, நோட்டின் மேல் விழும் சாம்பலை ஒவ்வொரு தடவையும் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்கூட்டர், சாவி அதிலேயே தொங்கியது. போக முடியாமல் இருந்தவர் இல்லை அவர்.

ஜீப் நின்றதும் எழுந்திருக்காமல் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் வண்டியை முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

"பலகை எங்க?"

"பலகையா!" ஜாக்கி தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, மெத்தை ஏத்தறப்போ கழட்டி முதியோர் இல்லத்துல வெச்சுட்டேன். அங்க ஒரு பாட்டி அதை விசிறியா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. வாங்கிட்டு வரவா?"

"அத்தான்!" லிஸ்ட்டக்கா இறங்கி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். "மணி மூணே முக்கா ஆகப்போகுது. காத்து திரும்பினா எல்லாரும் இங்கயே கருகுவோம். பலகை, கிலகைன்னு பேசாதீங்க. அக்கா என்னை உயிரோட விட மாட்டா. நான்தான் டிக் போட்டேன். உங்களைப் பாக்காமலே போட்டேன். தப்பு என்மேல. திட்டணும்னா கீழ போய்த் திட்டுங்க."

அவர் துண்டை இறக்கினார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. அவளைத் திட்டவில்லை. "லிஸ்ட்ல எத்தனை வண்டி கிளம்பிச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"நீ பாத்தியா, கேட்டியா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். காலையில் மைதானத்துக் கொடியடியில் ஐம்பத்திரண்டு வண்டியும் வரிசையாக நின்றது. முதல் வண்டிக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றி மூக்கைச் சிந்தியது. "பாத்தேன். அம்பத்திரண்டும் அங்கயே நின்னுச்சு. இப்ப லாரில ஏத்தறாங்க, அதையும் பாத்தேன்."

"சரி." பேனாவை எடுத்துக்கொண்டு ஜாக்கியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பேனாவை நீட்டவில்லை.

ஜாக்கி காலை இழுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். வருகிற வழியெல்லாம் ஓயாமல் பேசின மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டை சாம்பலைத் தட்டி, நேராக நின்றார்.

"எனக்குப் பின்னாடி யாரும் இல்லண்ணே."

அத்தான் நோட்டில் எழுதினார். அவசரமே இல்லை அவருக்கு. கடந்த வண்டி: பூஜ்யம். வராத வண்டி: பூஜ்யம். கடைசி வண்டி: மூன்று நாற்பத்துநாலு. குறிப்பு: பலகை இல்லை. ஜாக்கி கையெழுத்துப் போட்டார். அந்த எழுத்தின் மேலேயும் ஒரு துளி சாம்பல் விழுந்தது. அத்தான் ஊதிவிட்டு நோட்டை மூடினார்.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. காலை ஐந்து மணியிலிருந்து உட்கார்ந்த கால், மரத்துப்போயிருந்தது. மறுபடி பார்த்தார். "அட, இது என்ன, கால் என்னுதா மேசையோடதான்னே தெரியலையே," என்றார். அப்போதுதான் லிஸ்ட்டக்காவுக்கு அவர் எவ்வளவு கிழவராகிவிட்டார் என்று தெரிந்தது. ஆளுக்கொரு பக்கம் தோளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஒரு பக்கம் இழுக்கிற கால், நடுவில் மரத்த கால், இன்னொரு பக்கம் நாள் முழுக்க உட்கார்ந்த முதுகு. மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் பாதிதான் நடந்தார்கள்.

"ஸ்கூட்டர்?" என்றார் அத்தான்.

"அண்ணே, அது எரிஞ்சா எரியட்டும்."

"போன மாசம்தான் புது டயர் போட்டேன்."

"உங்களை மெத்தை மேல படுக்கப் போடறேன். ஸ்கூட்டரையும் உங்க பக்கத்துலயே படுக்கப் போடட்டுமா? அக்கா சந்தேகப்படுவாங்களே!"

கடைசியில் ஸ்கூட்டரை ரோட்டோரக் கைப்பிடிச் சுவரோடு சாய்த்துவிட்டு, சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அத்தான் மெத்தைகளின் மேல் ஏறிப் படுத்தார். நோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டார். குடையை மடக்கும்போது அதன் துணி எதிர்ப்பக்கமாகப் புடைத்தது. லிஸ்ட்டக்கா நின்று பார்த்தாள். இவ்வளவு நேரம் முதுகில் அடித்த காற்று இப்போது முகத்தில் அடித்தது. சூடாக இருந்தது.

"ஜாக்கி."

"தெரியுது. ஏறுங்க."

இறங்கும்போது ஜாக்கி பேசவில்லை. பேசாமலே ஓட்டினார், அதுவும் நன்றாகத்தான் ஓட்டினார். பின்னால் ஒரு தடவை மரம் வெடிக்கிற சத்தம் கேட்டது. போனில் அக்கா விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். வளைவுகளுக்கு நடுவில் ஒரு தடவை எடுத்து, "கண்ணால பாத்துட்டேன்க்கா. பின்னாடி படுத்திருக்காரு," என்றாள். அந்தப் பக்கம் வந்த வசவு முழுவதையும் கேட்டுக்கொண்டாள். நடுவில் ஒரு இடத்தில் அக்கா அழுதுவிட்டாள். அதையும் கேட்டுக்கொண்டாள்.

தடுப்பில் அந்த ஒல்லிப் பெண் ரோட்டின் நடுவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். தேட வர மாட்டேன் என்றவள், கையில் வண்டிச் சாவியை வைத்திருந்தாள். ஜீப் நின்றதும் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அட்டையை நீட்டினாள்.

"மேல இப்ப யாரும் இல்லல்ல? கையெழுத்துப் போடுங்க. மூடிடறேன்."

லிஸ்ட்டக்கா பென்சிலை எடுத்தாள். காகிதத்தைத் தொடவில்லை. முதலில் திரும்பி, மெத்தைமேல் படுத்திருந்தவரைப் பார்த்தாள். ஒன்று. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்த ஜாக்கியைப் பார்த்தாள். இரண்டு. பிறகு தன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மூன்று. மற்ற பதினைந்து பேர்? மனதுக்குள் ஒவ்வொரு முகமாக ஓட்டினாள். காலையிலிருந்து மேசைக்கு வந்தவர்கள், பன் கேட்டவர்கள், கழிப்பறை எங்கே என்று கேட்டவர்கள், சண்டை போட்டவர்கள். பதினைந்தாவது முகம் வருகிற வரைக்கும் அந்தப் பெண் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

"எங்களுக்குப் பின்னாடி யாரும் இல்ல," என்றாள் லிஸ்ட்டக்கா.

டிக் போட்டாள். கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் காகிதத்தை வாங்கிக்கொண்டு இரும்புக் கம்பியை இறக்கப் போனாள்.

தூங்கிவிட்டார் என்று நினைத்த ஆள் பின்னாலிருந்து இருமினார்.

"மணி போட்டியா?"

போடவில்லை. லிஸ்ட்டக்கா கையை நீட்டி, அந்தப் பெண்ணிடமிருந்து காகிதத்தைத் திரும்ப வாங்கினாள்.

"மூணு அம்பத்தெட்டு," என்றார் அத்தான், கண்ணைத் திறக்காமலே.